புச்கியின் சைவ விரதம்

வீட்டுப் பிராணிக்கு வந்த நோயைக்கூடத் தன் வளர்ப்பின் பெருமையாக மாற்றிக்கொள்ளும் ஒரு ரகத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். ஊருக்கு ஊர் உண்டு. கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர் மஹாதேவன். பேங்க் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவருடைய பூனை புச்கி. அவர் வீட்டில் முட்டைகூட நுழையாது. எல்லோரும் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் வங்காளி அம்மாள் தினமும் வைக்கிற மீன்தலையில் வளர்ந்த பூனை அது. ஒருநாள் மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. மனைவி பத்மஜா குழையப் பிசைந்த தயிர்சாதத்தை மட்டும் மெதுவாக நக்கியது. அவ்வளவுதான். லிஃப்டில் ஏறுகிறவர், மீன் பையோடு பஜாரிலிருந்து வருகிறவர், போனில் அகப்பட்ட மாம்பலத்து மச்சினன் என்று ஒருவர் பாக்கியில்லாமல், "எங்காத்துப் பூனை சுத்த சைவமாயிடுத்து, எல்லாம் சகவாசம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு புச்கி என்ன செய்தாலும் பக்திதான். வாயோரத்தை முன்னங்காலால் தட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. எச்சில் வடித்தால் தயிர்சாதத்தின் ருசி அப்படி. சாப்பிடாவிட்டால் ஏகாதசி. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் மூலையில் சுருண்டு கிடந்தால் தியானம். வாய் நாறுகிறதே? அதற்குச் சாம்பிராணி போட்டார்.

"மஹாதேவன் பாபு, மீன் வேண்டாம்கற பூனை இந்த ஊர்ல கிடையாது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் மாஷிமா.

"பொறாமை" என்றார் மஹாதேவன், கதவைச் சாத்திய பிறகு.

புச்கி தயிர்சாதத்தையும் விட்டு எலும்பாக இளைத்தபோது பத்மஜாவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வரேளோ இல்லையோ, நான் தூக்கிண்டு போறேன்" என்று கூடையோடு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே போன மஹாதேவன், டாக்டரம்மாவிடமும் சைவக் கதையை எடுத்தார். அந்த அம்மாள் புச்கியின் வாயைத் திறந்து காட்டினார். ஈறும் தொண்டையோரமும் ரத்தச் சிவப்பாக வெந்து கிடந்தன.

"வாய் அழற்சி. பல்லில் படிகிற அழுக்கை எதிர்க்கக் கிளம்பி, உடம்பே ஈறைப் புண்ணாக்கிவிடுகிறது. இந்த வலியோடு எப்படிக் கடிக்கும்? இது விரதமில்லை, பட்டினி. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. நீங்கள் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு விஷம்."

பூனைக்கான மருந்தும் குழைந்த சாப்பாடும் கொடுத்துத் தேற்றி, பிறகு அழுக்குப் படிய இடமே இல்லாதபடி பற்களை எல்லாம் பிடுங்கினார்கள். அன்று ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மஹாதேவன் அழுதார், பாவம். புண் ஆறியதும் புச்கி நேரே மாஷிமா வீட்டுக்குப் போய், மசித்த மீனை ஒரு தட்டு காலி செய்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நேற்று லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பல்லே இல்லாம மீன் சாப்பிடறது சார். எந்தப் பூனைக்கு வரும் இந்தத் திறமை?"

சிரியுங்கள், தாராளமாக. உங்கள் வீட்டிலும் ஒருவர் கொஞ்ச நாளாக எதிர்த்துப் பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு மூலைக்குப் போய்விடுகிறார், அல்லவா? பக்குவம் வந்துவிட்டது என்று போன வாரம் யாரிடமோ பெருமையடித்தீர்களே, எங்கே வலிக்கிறதென்று அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?