குடும்பத் தலைவர் வரிசைப்படி

"உன் வூட்டுக்காரர் பேரு என்ன?"

"அத எப்டிம்மா என் வாயால சொல்றது?"

செண்பகம் பேனாவை மேசையில் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு ஏழு மாதம். கால்கள் வீங்கியிருந்தன. கார்டு இல்லாமல் டாக்டரம்மா பார்க்கமாட்டார். கணவன் பெயர் தெரியாமல் கார்டைத் தேடி எடுக்க முடியாது.

திண்டிவனம் தாய் சேய் நல நிலையத்துக்கு மெட்ராஸிலிருந்து ஓர் இரும்புப் பீரோ வந்திருந்தது. ஆறு இழுப்பறை. நர்சம்மா ஊர் ஊராகப் போய் எழுதிவந்த கார்டுகளை நிறுத்தி அடுக்கி, நடுவே ஒரு கம்பியைச் செருகிப் பூட்ட வேண்டும். 'குடும்பத் தலைவர் பெயர் வரிசைப்படி அடுக்கினால் எந்தக் கார்டையும் ஒரே நிமிடத்தில் எடுக்கலாம்' என்றது கூட வந்த குறிப்பு. அடுக்குவதற்கென்றே தற்காலிகமாக ஒரு குமாஸ்தா வேலை போட்டார்கள். ஓமந்தூரில் கூலி வேலை செய்யும் கிருஷ்ணசாமியின் மகள் பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள், அவளுக்குக் கிடைத்தது. இன்னும் இரண்டு மாதத்தில் கடலூரிலிருந்து ஆபீசர் வருவார். பீரோ ஒழுங்காக ஓடினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அப்பாவோடு கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகவேண்டியதுதான்.

"பேரைச் சொன்னா நாக்கா அழுகிடும்?"

"அவரு ஆயுசு கொறஞ்சிடும்மா."

"உன் ஆயுசு கொறஞ்சா பரவால்லியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அது தேவலாம்மா."

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"விழுப்புரத்துல இதே பீரோ ஜோரா ஓடுதாம்" என்றார் ஹெட் கிளார்க் விருத்தாசலம். "படிச்ச பொண்ணு, உன்னால முடியலியே."

செண்பகம் விழுப்புரத்துக்குப் போன் போட்டாள்.

"எங்க பீரோவா? பிரமாதம்மா! எல்லாரும் சாப்பாட்டுக் கேரியரை அதுலதான் வெக்கிறோம். எலித் தொல்லையே இல்ல."

மறுநாள் எல்லாக் கார்டுகளையும் உருவி ஊர்வாரியாக அடுக்கினாள். இழுப்பறை விளிம்பு கிழித்து விரலெல்லாம் ரத்தம்.

"எந்த ஊரு?"

"கூட்டேரிப்பட்டு."

அடுத்தவள். "கூட்டேரிப்பட்டு."

அதற்கடுத்தவளும் கூட்டேரிப்பட்டு. அந்த ஊர் இழுப்பறையில் ஒருத்தி கார்டும் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் விஷயம் புரிந்தது. யாருக்கும் அது ஊர் இல்லை. பஸ் ஏறுகிற இடம்.

"நீ பொறந்த ஊரக் கேக்கல, பஸ் ஏறுன ஊரக் கேக்கல. குடியிருக்கற ஊரு எது?"

"அது உள்ள போவணும்மா" என்றாள் வீங்கிய காலோடு நின்றவள். "சொன்னா உனக்குத் தெரியாது."

செண்பகம் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் எல்லாக் கார்டுகளையும் மறுபடி கலைத்து எண் போட்டாள். ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்தாள். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். வில்லையைக் காட்டினால் போதும்.

அடுத்த மாதம் ஒரு வில்லையும் உரிய ஆளிடம் இல்லை.

"மாட்டுக் கழுத்துல கட்டிக்கீறேம்மா. ஆஸ்பத்திரி வில்லையாச்சே, கன்னு நல்லபடியா எறங்கட்டுமேன்னு" என்றாள் ஒருத்தி.

வீங்கிய காலுக்காரிக்கு இப்போது எட்டு மாதம். "நாத்தனாளுக்கு நோவு எடுத்துக்கினுச்சு. அவ இடுப்புல கட்டிவுட்டேன். ஆம்பளப் புள்ள!" என்றாள், பெருமையாக.

"அப்ப உனக்கு?"

"எனக்கு வேற ஒண்ணு குடேன்."

இதற்குள் கார்டுகள் பெயர் வரிசையிலும் இல்லை, ஊர் வரிசையிலும் இல்லை, எண் வரிசையிலும் இல்லை. ஆபீசர் வரும் நாளும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செண்பகம் பழையபடி குடும்பத் தலைவர் பெயர்ப்படியே அடுக்கிக் கம்பியைச் செருகினாள்.

ஆபீசர் பீரோவைத் தட்டிப் பார்த்தார். இழுப்பறைகளை இழுத்து இழுத்து மூடினார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

"எங்கே, அந்த அம்மா கார்டை எடுத்துக் காட்டு, பார்ப்போம்."

அவர் கை காட்டியது வீங்கிய காலுக்காரியை. இப்போது நிறைமாதம். வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

செண்பகம் அவளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"எடும்மா. ஒரு நிமிஷம்தானே?" ஆபீசர் விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினார். "யாருய்யா இந்தப் பொண்ணு?"

"நம்ம ஓமந்தூர் கிருஷ்ணசாமி மவ சார்."

இரண்டு மாதமாக அடக்கியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்குன்னு ஒரு பேரு இருக்குது சார்! செண்பகம், பி.ஏ. வந்த நாள்லேர்ந்து இந்த ஆபீஸ்ல கிருஷ்ணசாமி மவ, கிருஷ்ணசாமி மவதான். உன் பேரு என்னன்னு ஒருத்தர் வாய் தொறந்து கேக்கல. கேட்டா என்ன கொறஞ்சிடும்?"

விருத்தாசலம் கூரையைப் பார்த்தார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"நீயுந்தான் என்னிய ஒரு நாளும் கேக்கலியேம்மா. எம் பேரு பாஞ்சாலி."