நான்கு குடைகளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ரசிகர் என்பவர் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வரவேற்பு ஏற்பாட்டில் எல்லாம் இறங்கக் கூடாது. இதை நான் சொன்னால் செஞ்சியில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஏனென்றால், உயிருக்கு உயிராக நேசித்த நான்கு பேரை, அவர்கள் ஊருக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே சாகடித்தவள் நான். (போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. பயப்படாமல் மேலே படிக்கலாம்.)

அந்த நால்வரும் ஸ்பெயின் நாட்டு ராக் இசைக்குழு. பெயர் 'குவாத்ரோ பராகுவாஸ்', அதாவது நான்கு குடைகள். அந்த நாட்டின் வடக்கே, கடலோரத்தில், ஓயாமல் மழை பெய்யும் ஒரு சின்ன ஊர். அங்கே மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்த நான்கு பேர், ஷிஃப்ட் முடிந்ததும் காலியாகக் கிடந்த கொட்டகையில் வாசிக்க ஆரம்பித்தார்கள். பாடுவது நூரியா. டிரம்ஸ் அடிப்பது மத்தேயோ. (நம் பைபிளில் வரும் மத்தேயுதான், அங்கே போய் இப்படி ஆகிவிட்டார்.) மற்ற இருவரும் கிட்டார். அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், அதனால் இந்தக் கதையிலும் பேசவில்லை.

செஞ்சியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவரின் மகளுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். திண்டிவனத்தில் பொறியியல் படித்து, ஏழு பாடங்களில் அரியர் வைத்துக்கொண்டு, ஹாஸ்டலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலம் அது. செல்போனில் ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது தானாக ஓடியது. மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு பெண், கையில் இருக்கும் குடையைப் பிரிக்காமலே நனைந்துகொண்டு வீடு போகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அப்போது எனக்கு இதுகூடப் புரியவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் அரை மணி நேரம் அழுதேன். மறுநாளே போனில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்துவிட்டேன். அரியர்களை முடிக்க மேலும் இரண்டு வருஷம் ஆனதற்கு இதுதான் காரணம் என்று நைனாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர்கள் வளர்ந்த கதை தெரிந்தால் நீங்களும் ரசிகர் ஆகிவிடுவீர்கள். முதல் ஆல்பத்தை அந்தக் கொட்டகையிலேயே பதிவு செய்தார்கள். கவனித்துக் கேட்டால் பாட்டுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை விழுவது கேட்கும். மீன் வண்டியில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று வந்து, இங்கிலீஷில் பாடுங்கள், டிரம்ஸ் அடிப்பவரை மாற்றுங்கள், அவருக்கு முகவெட்டு போதாது என்றதாம். பதிலாக ஒரு டப்பா மத்தி மீனைப் பார்சலில் அனுப்பி வைத்தார்கள். மூன்றாவது ஆல்பம் வந்தபோது கடற்கரை நிறைய ஜனம். கச்சேரி முடிந்த மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நான்கு பேரும் போய்விட்டார்கள், லீவு கிடைக்கவில்லை. மத்தேயோவுக்குக் குழந்தை பிறந்தபோது, வேறு ஆள் வைத்து வாசிக்காமல் நால்வருமே ஒரு வருஷம் சும்மா இருந்தார்கள். நான்காவது ஆல்பத்தை யாரும் வாங்கவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் உச்சம். என்னை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது ஆல்பத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. இத்துடன் கலைகிறோம், நன்றி. கடைசிக் கச்சேரிக்குப் பாதி அரங்கு காலி என்று படித்தேன். அன்று நான் வீட்டில் அழுத அழுகைக்கு அம்மா வேறு ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு, நைனாவிடம் ஜாதகம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். (நாங்கள் கிறிஸ்தவர்கள். பதற்றத்தில் அம்மாவுக்கு அது மறந்துவிட்டது.)

அதற்கு முன்பே அவர்களுடைய பாட்டுகள் அத்தனையையும் தமிழில் பெயர்த்து நூரியாவுக்கு அனுப்பியிருந்தேன். அவளும் அவ்வப்போது இரண்டு வரி எழுதுவாள். கலைந்த கையோடு நால்வரும் ஒன்றாக ஒரு கடைசிப் பயணம் வருவதாகவும், புதுச்சேரியில் தங்கப் போவதாகவும் எழுதினாள். எங்கள் ஊரில் கோட்டை இருக்கிறது, ஒரு நாள் வாருங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று பதில் வந்தது.

என் திட்டம் எளிமையானது. கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் உச்சிக்கு அழைத்துப் போய், அவர்கள் மூச்சு வாங்கி எதிர்த்துப் பேச முடியாமல் நிற்கும் நேரத்தில், கலைந்து போகாதீர்கள் என்று கேட்பது. அதற்கு ஒரு பக்கத்துக்கு ஸ்பானிஷில் உரை தயாரித்தேன். ஆனால் அதற்கு முன்னால் வரவேற்பு வேண்டாமா? எங்கள் ஊரில் காதுகுத்துக்குக்கூட ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல் யாரும் நடமாட முடியாது. நைனாவின் கூட்டாளி குமரேசன் அண்ணன் கடைக்குப் போய், கடைசி ஆல்பத்தின் அட்டைப்படத்தைக் கொடுத்தேன்.

அந்தப் படம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான்கு முகங்கள், கறுப்பு வெள்ளையில், கண்ணை மூடியபடி. சுற்றிலும் கறுப்புப் பட்டை. கீழே பெயர்கள். அதற்கும் கீழே குழு தொடங்கிய வருஷம், ஒரு கோடு, முடிந்த வருஷம். என்ன ஒரு கலை என்று மாதக் கணக்கில் புல்லரித்துக் கிடந்தவள் நான். எங்கள் ஊரில் அப்படி ஒரு படத்தை எதற்குப் போடுவார்கள் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

குமரேசன் அண்ணன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டார். (அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த முதல் ஸ்டூல். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

"ஒக்காரும்மா. யாரும்மா இவங்கெல்லாம்?"

"எனக்கு எல்லாமே இவங்கதாண்ணே. நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டு எதிர்ல பேனர் இருக்கணும்."

"டீ சொல்லட்டுமா?"

"வேணாண்ணே. தலைக்கு மேல வேல இருக்குது."

"இருக்கும், இருக்கும். வாசகம் இன்னா போடட்டும்?"

"வழக்கமா நீங்க போடறதுதான். நல்லா உருக்கமா போடுங்க. கீழ எங்க குடும்பத்துப் பேரு."

"நான் பாத்துக்கறேன். நீ மனச விட்டுடாத."

மனசை விடாதே என்று ஏன் சொல்கிறார் என்று யோசிக்காமல், உரையை மனப்பாடம் செய்ய ஓடினேன். மாலையில் வாட்ஸ்அப்பில் டிசைன் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் ஓகே என்று போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகப் பெரிய ஓகே அதுதான்.

ஞாயிறு காலை பூசைக்குக்கூடப் போகாமல் முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், அவர்கள் வந்த வேனில் ஏறிக்கொண்டேன். உள்ளே நால்வரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கனவில் பார்த்த நான்கு குடைகளும் மடக்கி மூலையில் சாத்தி வைத்த மாதிரி இருந்தார்கள். அந்த மௌனத்தை நிரப்ப, வழி முழுக்க நானே பேசிக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது பெரிய கூட்டம் தெரிந்தது. கையில் மாலைகள். ஒரு பறைக்குழு வேறு நின்றுகொண்டிருந்தது. நைனாவுக்கு ஊரில் இவ்வளவு செல்வாக்கா என்று எனக்கே மலைப்பு.

"பாருங்கள், உங்களை வரவேற்க ஊரே வந்திருக்கிறது!" என்றேன். நூரியா முதல் தடவையாகச் சிரித்தாள். அப்போதுதான் நான் பேனரைப் பார்த்தேன்.

'கண்ணீர் அஞ்சலி. எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனில் இளைப்பாறச் சென்ற அன்பு உள்ளங்களே!' இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. நான்கு தலைக்கும் பின்னால் ஒளிவட்டம். மத்தேயோவின் தோளில் ஒரு புறா. அடியில், பழைய திருவிழா பேனருக்கு எடுத்த என் படம், கைகூப்பியபடி. கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரைக் குமரேசன் அண்ணன் தன் செலவில் சேர்த்திருந்தார். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'ஆறாத் துயரில், பிலோமினா குடும்பத்தார்.'

வேன் கதவு திறந்தது. பேனருக்குக் கீழே மாலை சாத்திக்கொண்டிருந்த பூக்கார அக்கா திரும்பினார். நூரியாவைப் பார்த்தார். நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். மறுபடி நூரியாவைப் பார்த்தார்.

"யம்மாடி! செத்தவங்க எய்ந்து வந்துட்டாங்க!"

கூடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை வேறு. பூசை முடிந்து வந்திருந்த இரண்டு பேர் முழங்காலே போட்டுவிட்டார்கள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிவிட்டு, வண்டி நிறையப் பெட்டிகளோடு திரும்பியவரை வழியிலேயே மடக்கியிருக்கிறார்கள்.

"பிலோ, யாரும்மா செத்தது? காலையிலருந்து வர்றவன் போறவன்லாம் கையப் புடிச்சி அழுவுறான். நானும் அழுதுட்டு இருக்கறேன். யாருன்னு கேக்க ஒரு மாதிரியா இருக்குது."

"செத்தவங்க இவங்கதான் நைனா."

நைனா நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான இருக்கறாங்க?"

பறைக்குழுவின் தலைவர் செல்வம், என்னோடு பள்ளியில் படித்தவர். வாரம் முழுக்கக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பார், ஞாயிறானால் பறை. அவர் நிதானமாகக் கேட்டார்: "பிலோ, இப்ப அடிக்கட்டுமா, வேணாமா? ஒரு முடிவ சொல்லு."

நான் முடிவு சொல்லும் நிலையில் இல்லை. நூரியா தன் போனை பேனருக்கு நேராகப் பிடித்திருந்தாள். இந்தக் காலத்தில் போன் எதைத்தான் மொழிபெயர்க்காது? அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அவர்கள் இறைவனிடம் போய்ச் சேர்ந்த செய்தியை அழகான ஸ்பானிஷில் அவர்களுக்கே வாசித்துக் காட்டியது. மத்தேயோ மெல்லப் போய் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். என் ஒரு பக்க உரையை எழுதிய தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தேன். சாவு பேனருக்குக் கீழே நின்றுகொண்டு, கலைந்து போகாதீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

"இவர்களுக்கு எங்கள் பாட்டு தெரியுமா?" என்று கேட்டாள் நூரியா.

"ஒன்றுகூடத் தெரியாது."

"நாங்கள் யார் என்று?"

"தெரியாது."

"அப்புறம் எதற்குப் பூவோடு வந்திருக்கிறார்கள்?"

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராமல் இருந்தால் மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராமல் இருக்க முடியாது. செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, அழுகிற வீட்டைத் தெரிந்தால் போதும். நான் அழுவேன் என்று நினைத்து இவர்கள் வந்திருக்கிறார்கள்.

நூரியா அதை மற்றவர்களிடம் திருப்பிச் சொன்னாள். மத்தேயோ அன்றைக்கு வாயைத் திறந்தது அப்போதுதான்.

"நம் கடைசிக் கச்சேரிக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை."

பிறகு நூரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். மத்தேயோ அவளைத் தூக்கிவிட வந்து தானும் உட்கார்ந்தார். நால்வரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் இருந்தது. சுற்றி நின்ற ஊர், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் கொஞ்சம் அழுதது.

நைனாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் ஸ்பீக்கர் இறக்கத் தெரியும். "பாடறவங்கதான? பாட சொல்லு. பூவும் வீணாப் போவக் கூடாது, ஆளுக்கு ஒண்ணு போடு" என்றார். சர்ச்சிலிருந்து பாடகர் குழுவின் கிட்டார் வந்தது, ஒரு கம்பி இல்லாமல். செல்வம் தன் பறையை மத்தேயோ தோளில் மாட்டி, குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். சாவு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தங்கள் அஞ்சலி பேனருக்கு முன்னால் நின்று, நான்கு குடைகள் அந்தப் பஸ் ஸ்டாப் பாட்டைப் பாடினார்கள். நைனாவின் மைக் கல்யாண எக்கோவிலேயே இருந்ததால் ஒவ்வொரு வரியும் மூன்று தடவை கேட்டது. மத்தேயோ தாளத்தைத் தவறவிட்ட இடமெல்லாம் செல்வத்தின் ஆட்கள் தாங்கிப் பிடித்தார்கள். நான் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த கச்சேரி அதுதான். கோட்டைக்கு நாங்கள் போகவே இல்லை. என் உரையும் அப்படியே போயிற்று.

போகும்போது பேனரை அவிழ்த்துத் தரச் சொல்லிச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வேனில் ஒரே சத்தம். அடுத்த வருஷம் ஆறாவது ஆல்பம் வந்தது. அட்டைப்படம் அந்த பேனர்தான், ஓர் எழுத்துகூட மாறாமல், புறாவோடு. ஸ்பெயினில் எத்தனையோ பேர் வீட்டு அலமாரியில் நான் இன்றும் கைகூப்பி அழுதுகொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து குமரேசன் அண்ணன் யார் படம் கொண்டு வந்தாலும் "ஆளு உயிரோட இருக்கறாங்களா?" என்று கேட்காமல் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. நிஜமாகவே துக்கத்தில் வந்த இரண்டு வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் திருந்தவில்லை. என் கல்யாண பேனரின் மூலையில், நைனா சொல்லி, பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மணமக்கள் இருவரும் நலம்.'

அந்தக் கல்யாணத்துக்கு நூரியா பரிசுப் பார்சல் அனுப்பினாள். உள்ளே ஒரு டப்பா மத்தி மீன், நான்கு சின்னக் குடைகள், ஒரு வாழ்த்து அட்டை. அட்டையைப் பிரித்தது என் மாமியார். ஸ்பானிஷில் நாலு வரி. கடைசியில், பேனரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்த தமிழில், அவள் எனக்கு எழுதும் எல்லாக் கடிதத்திலும் போடும் அதே கையெழுத்து: 'ஆறாத் துயரில், நான்கு குடைகள்.'

மாமியார் முகம் வெளுத்து, அட்டையை நைனாவிடம் நீட்டினார். "இன்னா சம்மந்தி இது?"

நைனா வாங்கிப் படித்துவிட்டு, பயபக்தியோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சம்மந்தி. பொண்ணோட சிநேகிதங்க. செத்துப் பொழைச்சவங்க."