டைகர் பெயரைச் சொல்லாத ஹைஜம்ப் மாமா

அந்தமான் தீவுகள் முழுக்கத் தேடினாலும், நாளைய பந்தயத்தில் எந்த ஆடு தோற்கும் என்று இன்றைக்கே அடித்துச் சொல்லக்கூடிய மனிதர் எங்கள் ஹைஜம்ப் மாமாவைத் தவிர வேறு யாரும் கிடையாது. அதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். அதை அவர், "இந்த ஆடுதான் ஜெயிக்கும்" என்று சொல்வார்.

பிள்ளைகளே, குதிரைகள் வேலி தாண்டி ஓடுகிற பந்தயத்தை நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தீவில் குதிரைக்கு எங்கே போவது? இருப்பது ஆடு. பொங்கல் லீவில் கராச்சர்மா மைதானத்தில் நடக்கும் ஆட்டுத் தாண்டல்தான் எங்களுக்குக் குதிரைப் பந்தயம். மைதானத்தைச் சுற்றி எட்டு இடத்தில் மூங்கில் தடை வைப்பார்கள். ஆட்டின் கால் அடிபடக் கூடாது என்பதற்காக மூங்கிலைக் கட்டுவதில்லை. இரண்டு கவட்டைக் கம்பின் மேல் சும்மா கிடக்கும், இடித்தால் விழுந்துவிடும். விழுந்தாலும் குற்றமில்லை, முதலில் வருகிற ஆடே முதல். முடிவுக் கோட்டில் ஆட்டுக்காரர்கள் பலா இலையை ஆட்டிக்கொண்டு தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் கெஞ்சுவார்கள். பணம் கட்டி ஆடுவது அறவே கிடையாது. பரிசு ஒரு குக்கர்.

மாமாவின் வீடு ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. வேலை, ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது. மெயின்லேண்ட் கப்பலிலிருந்து உருளைக்கிழங்கை இறக்கச் சொன்னால் மற்றவர்கள் இறக்குவார்கள். மாமா முதலில் வானத்துக்குத் தூக்குவார். அது அங்கே மேகத்தோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் கீழே வரும். கீழே நிற்கிற வங்காளி மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துவார்.

"அரே பாய், ஆலூ ஹை! ராக்கெட் நஹி!"

மாமா மேலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அதுவும் கப்பலோட அடியில படுத்துக்கிட்டே வந்திருக்கு. ஒரு தடவை ஊரைப் பாக்கட்டுமே!" என்பார். உருளைக்கிழங்குக்குக்கூட இரக்கப்படுகிற மனிதர் ஆட்டை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வருஷம் முழுக்கக் கிரேன் உச்சியில், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர் அவர். ஊரே வாயை மூடிக்கொண்டு அவர் பந்தய மைக்கில் பேசுவதைக் கேட்பது பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலமும் பந்தய நாளும் மட்டும்தான். அந்த இரண்டு நாளுக்காகத் தொண்டையைக் குழந்தை மாதிரி வளர்ப்பார். மார்கழி பிறக்கும்போதே ஐஸ் தண்ணீரை நிறுத்திவிடுவார். ஏலக்காய் மெல்லுவார். மைக்கைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவார். "சோறு திங்கக்கூட இவரு இப்படிக் கை கழுவினதில்ல" என்று அவர் மனைவி, எங்கள் அத்தை, சொல்வார்.

முதல் நாள் சாயங்காலம் டீக்கடை முன்னால் ஆடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாமா ஒவ்வொன்றின் பின்னங்காலையும் தடவிப் பார்ப்பார், கண்ணுக்குள் பார்ப்பார், வாயை மோந்துகூடப் பார்ப்பார். பிறகு மைக். ஒரு வருஷம் இப்படிச் சொன்னார்:

"ஹலோ, ஹலோ... நாளைய முதல் பந்தயம், குட்டிகள் பிரிவு. சலூன்காரர் குட்டி நல்ல வேகம்தான். ஆனா தடையைப் பாத்தா அம்மாவைத் தேடுது. டெய்லர் குட்டியைப் பாருங்க, பின்னங்காலு அத்தனையும் ஸ்பிரிங். நேத்து கொடியில காஞ்ச வேட்டியைத் தாண்டிச்சு. அதோட விட்டுச்சா? திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டிச்சு! ஆகவே பெருமக்களே, வெற்றி டெய்லருக்கே!"

மறுநாள் டெய்லர் குட்டி முதல் தடையைப் பிரமாதமாகத் தாண்டியது. திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டியது. சலூன்காரர் குட்டி பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் டெய்லர் குட்டி அதே தடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு வருஷம் அவர் கைகாட்டிய கிடா எட்டுத் தடையோடு நிற்காமல் மைதான வேலியையும் தாண்டி, ஓரமாக நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டது. அந்த பஸ்ஸின் டிரைவர் நான்தான். ஆடு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"என்ன மாமா, உங்க ஆடு பந்தயத்தை விட்டுட்டு பஸ் ஏறிடுச்சே?" என்று கேட்டேன்.

"ஏறட்டும். வேலியைத் தாண்டிச்சா இல்லையா, அதைச் சொல்லு!"

அவருடைய கோளாறு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எந்த ஆடு வேகமாக ஓடும் என்று அவர் பார்ப்பதே இல்லை. எது அழகாகத் தாண்டும் என்றுதான் பார்ப்பார். உயரத் தாண்டுகிற ஆடு காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போது மற்ற ஆடுகள் கீழே ஓடிப் போய்விடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். "ஓடறதுக்கு வேற பந்தயம் வைங்க. இது தாண்டற பந்தயம்" என்பதுதான் அவர் பதில்.

அதனால் ஆட்டுக்காரர்களுக்கு அவர் வாயைக் கண்டால் நடுக்கம். தன் ஆட்டின் பெயரைச் சொல்லிவிடாதே என்று டீ வாங்கித் தருவார்கள், வடை வாங்கித் தருவார்கள். காய்கறி விற்கும் மாலதி தீதி ஒரு கட்டுக் கீரையோடு வந்து கும்பிட்டு நிற்பார். வங்காளி அம்மா, எங்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரி தமிழ் பேசுவார். அவர் ஆட்டின் நிறத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் முந்திரி.

"அண்ணா, ஹாத் ஜோட்கே கேக்கறேன். மேரா முந்திரி பேரு மத் போலோ."

மாமா கீரையை வாங்கிக்கொள்வார். "கீரை நல்லாருக்கு தீதி. ஆனா உங்க ஆடு நல்லாத் தாண்டுதே, நான் என்ன பண்ணட்டும்?"

சரி, இனி டைகர் விஷயத்துக்கு வருகிறேன். டைகர் என்பது கான்ட்ராக்டரின் கிடா. ஸ்பீக்கர் செட்டும் பந்தலும் கான்ட்ராக்டர் உபயம். பெரிய ஆடுகள் பிரிவில் டைகரை ஜெயிக்க ஆள் கிடையாது, ஏனென்றால் டைகர் தாண்டுவதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடும், நெஞ்சால் இடிக்கும், மூங்கில் ஒரு பக்கம் போகும், கவட்டைக் கம்பு இன்னொரு பக்கம் போகும். டைகர் முன்னால் போய்விட்டால் பின்னால் வரும் ஆடுகளுக்குத் தாண்ட ஒன்றுமே மிச்சம் இருக்காது.

போன வருஷம் பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் கான்ட்ராக்டர் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு மாமா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்தாப்பா ஹைஜம்ப், சாயங்காலம் என் கெஸ்ட் எல்லாம் வர்றாங்க. நாளைக்கு டைகர்தான்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லிடு."

"டைகரை ஒரு தடையாவது தாண்டச் சொல்லுங்க, சொல்றேன்."

"அதுதான் வருஷா வருஷம் ஜெயிக்குதே!"

"ஜெயிக்கட்டும், யாரு வேணாம்னா? நான் பேசறது தாண்டறதைப் பத்தி."

கான்ட்ராக்டரோடு வந்த ஆட்டுக்கார ஆள் அவர் காதருகே குனிந்து, "ஐயா, வேணாங்க. இவரு வாயால பேரு வந்தா நம்ம டைகரும் பஸ் ஏறிடும்" என்றார். "சும்மா இருடா!" என்றார் கான்ட்ராக்டர். பிறகு மாமாவைப் பார்த்து, "மச்சான் மெயின்லேண்ட்லேர்ந்து வந்திருக்கான். அவனுக்கும் நல்ல குரல். நீ சொல்லலைன்னா மைக் இனிமே அவன் கையில. யோசிச்சுக்க" என்று எழுந்து போனார்.

அத்தைக்குக் கலக்கமாகிவிட்டது. "ஒரு பேருதானே? சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சுடும்? அந்த மைக் இல்லாம நீங்க இருந்துடுவீங்களா?"

மாமா ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இருக்க மாட்டேன்தான்" என்றார். "ஆனா மனசறிஞ்சு ஒரு பொய்யைச் சொல்லிட்டு, மறுநாள் அதே மைக்கைப் பிடிச்சு ஹலோன்னு எப்படிச் சொல்வேன்?"

சாயங்காலம் டீக்கடை முன்னால் நிற்க இடமில்லை. குட்டிகள் பிரிவு, பெட்டை ஆடுகள் பிரிவு எல்லாம் வழக்கம்போலச் சொல்லி, ஆட்டுக்காரர்கள் வழக்கம்போலத் தலையில் கை வைத்து முடிந்தது. கடைசியில் பெரிய ஆடுகள். முன் வரிசையில் கெஸ்டுகளோடு கான்ட்ராக்டர்.

"நாளைக்கு முதல்ல வரப்போறது டைகர்" என்றார் மாமா.

கான்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. மாமா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"போன வருஷமும் அதுதான் வந்துச்சு, அடுத்த வருஷமும் வரும். ரோடு ரோலரைக் கொண்டுவந்து விட்டாலும் அதுவும் முதல்ல வரும். ஆனா பெருமக்களே, இது தாண்டல் பந்தயம். ஒரு தடையைக்கூடத் தாண்டாத ஆடு ஜெயிச்சதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். கான்ட்ராக்டரே, ஸ்பீக்கர் உங்களது. வாய் என்னுது. நாளைய வெற்றி முந்திரிக்கே!"

"அரே பாப்ரே! போச்சு மேரா குக்கர்!" என்று மாலதி தீதி தலையில் அடித்துக்கொண்டார். கான்ட்ராக்டர் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார். மாமா வெறும் மைக்கை மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் இறங்கி வந்தார்.

மறுநாள் கான்ட்ராக்டரின் மச்சான் பேசினார். தெளிவான குரல், குறை சொல்ல முடியாது. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே எங்களோடு நின்றார். பெரிய ஆடுகள் பந்தயம் தொடங்கியது. டைகர் புறப்பட்டது, எட்டுத் தடையும் சரிந்தது, டைகர் வந்து சேர்ந்தது. மற்ற ஆடுகள் வெறும் தரையில் ஓடி வந்து சேர்ந்தன. மேளம், மாலை, செல்பி. கூட்டம் முழுக்க டைகரைச் சுற்றிக்கொண்டது.

முந்திரி மட்டும் வரவில்லை. முதல் தடை இருந்த இடத்தில், கீழே கிடந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. தீதி பலா இலையை ஆட்டினார், அழைத்தார், திட்டினார். அது அசையவே இல்லை.

திடீரென்று மாமா கயிற்றுக்கு அடியில் நுழைந்து மைதானத்துக்குள் ஓடினார். கவட்டைக் கம்பை நட்டு, மூங்கிலைத் தூக்கி மேலே வைத்தார். முந்திரி ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுத் தாண்டியது. அது என்ன தாண்டல்! நாலு காலையும் மடித்துக்கொண்டு, காற்றில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

"முதல் தடை! தாண்டியாச்சு!" என்று மாமா வெறும் தொண்டையில் கத்தினார். கத்திக்கொண்டே இரண்டாவது தடைக்கு ஓடி அதையும் தூக்கி வைத்தார்.

"யோவ்! பந்தயம் முடிஞ்சு போச்சுய்யா!" கான்ட்ராக்டர் மைக்கை வாங்கிக் கத்தினார்.

"உங்க ஆட்டுக்கு முடிஞ்சுது! இது இன்னும் வந்துக்கிட்டிருக்கு!"

மூன்றாவது தடையில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. நாலாவதை நான் போய்த் தூக்கி வைத்தேன். ஐந்தாவதைச் சலூன்காரரும் டெய்லரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். கடைசித் தடைக்கு யார் யாரோ ஓடினார்கள். டைகருக்குப் பக்கத்தில் ஆட்டுக்கார ஆளும் மாலையும் மட்டும்தான் மிச்சம். அவரும் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். முந்திரி எட்டாவது தடையைத் தாண்டி, கோட்டைக் கடந்து, தீதி கையில் இருந்த பலா இலையைச் சாவகாசமாகத் தின்றது. அது கடைசி ஆடு. குக்கர் கான்ட்ராக்டருக்கே போனது. ஆனால் கைதட்டல் எனக்குத் தெரிந்து அந்த மைதானத்தில் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

மைக் மாமாவுக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. "கேட்டா, டைகர் பேரைச் சொல்றியான்னு மறுபடியும் கேப்பாங்க. நான் மாட்டேன்னுதான் சொல்வேன். எதுக்கு ரெண்டு பேருக்கும் வீண் வேலை?" என்றார்.

இந்த வருஷமும் முதல் நாள் சாயங்காலம் மச்சான்தான் மைக்கில் பேசினார். சொன்ன ஆடுகள் எல்லாம் மறுநாள் சரியாக ஜெயித்தன. மச்சான் பேசுகிறபோதே மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில் நின்று, எந்த ஆடு எப்படித் தாண்டும் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் குரல் நாலு அடிகூடத் தாண்டவில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் ரோட்டைக் கடந்து போய், அவர் காலடியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம்.