அத்தான் கொட்டகையில் விழுந்த தாத்தா

மேலகரம்,
18 டிசம்பர் 1958

தென்காசியில் டூரிங் டாக்கீஸ் நடத்திவரும் மரியாதைக்குரிய ஜெபமணி அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுகிர்தத்தின் புருஷன் ஆசீர்வாதம் தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் சுகம். நான் மட்டும் சுகமாயில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

பன்னிரண்டு வருஷமாக நம் சபையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டுகிறவன் நான். பஜனையோடு வீடு வீடாகப் போவேன். சங்கீதம் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பொரியுருண்டை, ஒப்பிக்காத பிள்ளைக்குப் புத்திமதி. சில பிள்ளைகள் அழும். தாத்தா என்றால் ஒரு பயம் வேண்டாமா?

போன சனிக்கிழமை தாங்கள் கொடுத்த இலவசப் பாசில் அந்த இங்கிலீஷ் படத்துக்கு வந்தோம். அதில் வருகிற தாத்தா குற்றாலத்துப் பாறையில் நம் ஆட்கள் வழுக்குவதுபோலக் கூரையில் வழுக்குகிறார், புகைப்போக்கியில் வயிறு சிக்கித் தொங்குகிறார், விழுந்ததும் நாய் கால்சட்டையைக் கவ்வுகிறது, எழுந்து அந்த நாய்க்கும் ஒரு மிட்டாய் கொடுத்துச் சிரிக்கிறார், வசனம் ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் பாவூர்சத்திரத்து வண்டிக்காரர்கள் முதல் தங்கள் தங்கை வரை கொட்டகையே சிரிக்கிறது. சுகிர்தம் பெஞ்சிலிருந்து சரிந்து தரை டிக்கெட்டுக்காரர்களோடு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அத்தான். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பஜனையில் கோயில்பிள்ளை மகள் தங்கபுஷ்பம், ஆறு வயசு, "தாத்தா, எப்ப விழுவீய?" என்றாள். சங்கீதம் சொல்லு என்றேன். "நீங்க விழுந்தாச் சொல்லுதேன்" என்றாள். பஜனைக்காரர்கள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். இப்போது தாத்தா அங்கியை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்கப்போகிறாராம் பாதிரி ஐயர். அந்தச் சிவப்பு அங்கியும் போய்விட்டால் இந்த ஊரில் என்னை எந்தப் பிள்ளை ஏறிட்டுப் பார்க்கும்?

ஆகையால் ஞாயிற்றுக்குள் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, நல்ல அழுகைப் படமாக ஒன்று போடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் வீட்டாருக்கும் பண்டிகை வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஆசீர்வாதம்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சுகிர்தத்திடம் கொடுத்தேன், படித்துவிட்டாள். தங்கபுஷ்பம் பேசின இடத்தில் தொடங்கிய சிரிப்பு, கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு, இன்னும் நிற்கவில்லை. "ஒருக்க விழுந்துதான் பாருங்களேன்" என்கிறாள். படத்தை எடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு முன்வரிசைப் பெஞ்சில் இரண்டு இடம் வையுங்கள். முற்றத்தில் பழகிப் பார்த்தேன். விழ வருகிறது, எழுந்து சிரிக்கத்தான் வரவில்லை. அதை இன்னொரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும்.