பல்லவியார் போட்ட தேசிய கீதம்

உலகத்தில் தேசிய கீதம் எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதியவர் எங்கள் அம்மாபேட்டைப் பல்லவியார் ஒருவர்தான். எந்தப் பாட்டை எடுத்தாலும் பல்லவியைத் தாண்டிப் பாட மாட்டார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும்.

நான் அவருக்குப் பக்கத்துத் தறி. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், திடீரென்று தறியில் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாடு வருது, பாட்டு எங்கடா?”

“அதெல்லாம் டில்லியில பாத்துக்குவாங்கண்ணே.”

“டில்லிக்காரனுக்கு நம்ம தெருவு தெரியுமா? தமிழு, தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம்னு இங்கயே நாலு பேச்சு. நாலும் ஒரே பாட்டுல வரணும்டா!”

மறுநாளே வீடு வீடாகப் போய் அவரவர் பேச்சில் பாட்டுக்கு ஒரு வரி கேட்டார். வரி கிடைத்தது, கூடவே வம்பும். எங்கள் வரி முதலில் வந்தால்தான் பாடுவோம் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். மனுஷன் அசரவில்லை. “உங்க வரிதானுங்க மொதல்ல, வெளிய சொல்லிப்போடாதீங்க” என்று ஒவ்வொரு வீட்டிலும் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தார். அட பாவி மனுஷா!

ஒத்திகையும் அந்தந்த வீட்டுத் தறியிலேயே, தனித்தனியாக. தறி ஓடும் வேகத்துக்கே மெட்டுப் போட்டிருந்தார். பல்லவியை எடுத்துக் கொடுப்பார். மிச்சத்தை வீட்டாரே பாடிக்கொள்ள வேண்டும், இவர் தலையை ஆட்டுவார்.

“தெருவே ஒண்ணா நின்னு பாடணும். பாடலைன்னா இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன், பாத்துக்க” என்றார் என்னிடம். அவர் பாட்டில்லாமல் என்னால் ஒரு முழம் நெய்ய முடியாது.

கொடியேற்றும் காலையும் வந்தது. ஏற்ற வந்த வக்கீல், பாட்டு முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பல்லவியார் கையைக் காட்டினார். நாலு பக்கமிருந்தும் நாலு முதல் வரி கிளம்பியது! சந்தைக்கடை தோற்றது போங்கள். பல்லவியார் முகம் செத்துப்போயிற்று.

காதைப் பொத்திக்கொண்டு குனிந்த வக்கீல் அப்படியே நின்றார். “ஏம்ப்பா, எல்லாரும் எதுக்குக் காலை உதைக்கிறாங்க?”

அப்போதுதான் பார்த்தோம். தெரு முழுக்க இடது, வலது, இடது, வலது. தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்துக்கொண்டே படித்த பாட்டல்லவா, மிதிக்காமல் வாயில் வராது. வாய்தான் ஆளுக்கொரு திக்கில் போயிற்று. கால் ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அசையாம நில்லுங்கய்யா!”

“உடுங்க சாமி, ஒண்ணாத்தானே மிதிக்கிறாங்க” என்ற பல்லவியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் மிதித்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடினார்.

டில்லி வேறு பாட்டை வைத்துக்கொண்டது. அதற்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் கால் லேசாக மிதிக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். நிறுத்த மனசு வரவில்லை, அண்ணே.