ஒன்பதாம் பக்கம்

எட்டாம் பக்கம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மகளிர் சங்கச் செயலாளர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி சொல்ல, மேஜை முன் உட்கார்ந்திருந்த அவள் கணவர் மடிக்கணினியில் அடித்துக்கொண்டிருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கான ஓர் அறக்கட்டளை, ஊர்ச் சங்கங்களின் சுகாதாரத் திட்டங்களுக்கு நிதி கொடுக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து செயலாளருக்கு ஒரே கனவு. மாதம் ஒருமுறை பரிசோதனை வண்டி ஒன்று தெருமுனைக்கு வந்து நிற்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுபவருக்கே தெரியாது. அதனால்தான் தெருவில் பாதிப் பெண்கள் பரிசோதனைக்குப் போவதே இல்லை.

வண்டி வர வேண்டும். அதுவும் பக்கத்துத் தெருச் சங்கத்துக்கு வருவதற்குள் இங்கே வர வேண்டும். பக்கத்துத் தெருச் சங்கத்தின் தலைவி அவளுடைய நாத்தனார்.

கணவர் முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். பிறர் சொன்னதை மட்டும் அடித்து, சொந்தமாக ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்காமல் ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். அவள் சொல்வாள், அவர் அடிப்பார். படிக்க வேண்டியதையும் அவரே வாய்விட்டுப் படிப்பார். ஏனென்றால் செயலாளர் கண்ணாடி போடுவதில்லை. போட்டால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். போடாதவரை, உலகத்தில் எழுத்துகள் சிறிதாகிவிட்டன என்றுதான் அர்த்தம்.

"அடுத்து என்னங்க?"

கணவர் தொண்டையைச் செருமினார். "ஒன்பதாம் பக்கம். 'விண்ணப்பிக்கும் குழுவில் உள்ள நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண் உறுப்பினர்கள் அனைவரும், கடந்த ஓராண்டுக்குள் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டிருத்தல் வேண்டும். அறிக்கையை இணைக்கவும்.'"

செயலாளரின் நடை நின்றது. "எதுக்காம்?"

"காரணம் சொல்லலை. வேண்டும்னு மட்டும் போட்டிருக்கு."

"நாம மத்தவங்களை டெஸ்ட் பண்ணச் சொல்ற குழு. நம்மளை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்? ஹோட்டலுக்குப் போனா சமையல்காரரைப் பாத்து நீங்க சாப்பிட்டீங்களான்னா கேக்கறோம்?"

"அடிக்கவா?"

"எதை?"

"இப்ப சொன்னதை."

"ஐயோ, சும்மா இருங்க."

சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு காந்தத்தின் அடியில் மஞ்சள் சீட்டு ஒன்று தொங்கியது. செயலாளருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மேமோகிராம் சீட்டு. கணவர் எப்போது நினைவூட்டினாலும் "அடுத்த மாசம்" என்பாள். இதற்கிடையில் பழைய பெட்டி பழுதாகிப் புதுப் பெட்டி வந்தது. சீட்டு புதுக் கதவுக்குக் குடிபெயர்ந்ததே தவிர, அவள் அசையவில்லை.

மறுநாள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பின்னறையில் குழு கூடியது. பள்ளி பொருளாளருக்குச் சொந்தம். எல்லோருக்கும் அவள் டிரைவிங் அக்கா. தலைவி, ஓய்வுபெற்ற டீச்சர். உறுப்பினர்கள் இருவர்: பார்லர்க்காரி, மாடிவீட்டம்மா. கணவர் மூலையில், கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார்.

"சீக்கிரம் கண்டுபிடிச்சா பயமே இல்லைன்னு நான் எத்தனை கூட்டத்துல பேசியிருக்கேன்," என்றார் டீச்சர்.

"நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?"

"நான் எதுக்குப் போகணும்? எனக்குத்தான் பாடம் தெரியுமே."

"மெஷின்ல வச்சு நசுக்குவாங்களாம்," என்றாள் பார்லர்க்காரி. "கார் கதவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குமாம்."

டிரைவிங் அக்கா நிமிர்ந்தாள். "எந்தக் காரு? சின்னதா, பெரிசா?"

"எனக்கு அவ்வளவு தூரம் நசுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா," என்றாள் மாடிவீட்டம்மா. "மெஷினுக்குத்தான் வீண் அலைச்சல்."

செயலாளர் மேஜையைத் தட்டினாள். "வயசுதானே பிரச்சினை? எல்லாருக்கும் முப்பத்தொன்பதுன்னு அடிச்சிடுங்க."

கணவரின் விரல்கள் நின்றன. "டீச்சருக்குமா? அவங்க ரிட்டயர் ஆனப்ப சுவர்க் கடிகாரம் வாங்கிக் குடுத்ததே நாமதான்."

"நான் ரொம்பச் சின்ன வயசுலயே வேலைக்குச் சேர்ந்துட்டேன்," என்றார் டீச்சர் அமைதியாக.

அதில்தான் பார்லர்க்காரி எழுந்துவிட்டாள். "இந்தக் கூட்டத்துலயே பாக்கறதுக்கு முப்பத்தொன்பது மாதிரி இருக்கறவ நான் ஒருத்திதான். அதுக்கு மாசாமாசம் நான் எவ்வளவு பாடுபடறேன்? எல்லாருக்கும் அதே வயசைப் போட்டா எனக்கு என்ன மரியாதை? நான் ராஜினாமா."

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. ஐந்து பேர் நால்வரானார்கள்.

செயலாளர் தளரவில்லை. "பெண் உறுப்பினர்கள்னுதானே போட்டிருக்கு? நாம எல்லாரும் விலகிக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்காரங்களைக் குழுவா போட்டுடுவோம்."

"மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் குழு," என்று கணவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நாலு ஆம்பளைங்க. குரூப் போட்டோ வேற கேட்டிருக்காங்க."

"கேக்கட்டுமே."

அவர் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்தாம் பக்கம். 'குழுவில் ஐவருக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும்.'"

"இப்ப நாலு பேர்தானே இருக்கோம்," என்றாள் மாடிவீட்டம்மா. "அந்தப் பொண்ணைத் துரத்தினது தப்பு."

"யார் துரத்தினா? அவளே போனா."

ஐந்தாவது பெண், அதுவும் ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டவள், ஒருத்தி இருந்தாள். செயலாளர் அன்று சாயங்காலமே மானத்தைக் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனாள்.

நாத்தனார் கதவைத் திறந்து, அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, வீடு மாறி வந்துட்டீங்களா?"

"ஒரு சின்ன உதவி."

விஷயத்தைக் கேட்டு நாத்தனார் சிரித்தாள். "நான் வருஷம் தவறாம போறவளாச்சே. போன வாரம்கூட அண்ணன் வந்து, உங்க அண்ணியை எப்படிம்மா கிளப்பறதுன்னு புலம்பிட்டுப் போச்சு."

"அவருக்கு வேற வேலை கிடையாது. நீ வர்றியா, வரலையா?"

"வர்றேன். ஆனா உறுப்பினரா இல்ல. தலைவியா."

செய்தி டீச்சருக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அவ என்கிட்ட படிச்சவ," என்றார் டீச்சர் போனில். குரலில் பழைய வகுப்பறையின் பிரம்பு தெரிந்தது. "ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. கணக்குல நாற்பது தாண்டினதில்ல. அவ போயிட்டு வந்த இடத்துக்கு நான் போக மாட்டேனா? நாளைக்கே போறேன். ரிப்போர்ட்டைக் கொண்டாந்து அவ மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

டீச்சர் போகிறார் என்றதும் டிரைவிங் அக்கா வண்டி எடுக்கிறேன் என்றாள். வண்டி போகிறது என்றதும் மாடிவீட்டம்மா, சும்மா காற்று வாங்கவாவது வருகிறேன் என்றாள். எல்லோரும் போகிறார்கள், தான் மட்டும் வயதானவள் போல வீட்டில் இருப்பதா என்று பார்லர்க்காரி ராஜினாமாவைத் திரும்பப் பெற்றாள். இந்த வருடத்துக்கான தவணை வந்துவிட்டது என்று நாத்தனாரும் ஏறிக்கொண்டாள். செயலாளருக்கு வேண்டியது எல்லாமே நடந்தது. அவளும் கூட வர வேண்டியிருந்தது ஒன்றுதான் சங்கடம்.

வண்டியில் சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை இருந்தது. ஓட்டியது அக்கா இல்லை. அந்த நேரத்துக்குப் பாடம் முன்பதிவு செய்திருந்த ஒரு வங்கிக் காசாளர்.

"கிளட்சை விடுங்க சார். மெதுவா. மெதுவான்னேன்."

வண்டி ஒரு முறை துள்ளி நின்றது. பின்சீட்டில் எல்லோரும் முன்சீட்டின் முதுகில் போய் மோதினார்கள்.

"ஏம்மா, டெஸ்டு இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மாடிவீட்டம்மா.

காசாளர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவில்லை. அதனால் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் நேராகவே போனார்.

ஆஸ்பத்திரியில் செயலாளர் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாள். "பையெல்லாம் என்கிட்ட குடுங்க. திருடங்க நடமாடற இடம். நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."

மடியில் ஐந்து கைப்பைகள் ஏறின. ஒவ்வொருத்தியாக உள்ளே போய் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். "கார் கதவெல்லாம் இல்ல," என்றாள் டிரைவிங் அக்கா. "டிக்கி வேணா சொல்லலாம்." மாடிவீட்டம்மா முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. "என்னுதையும் பிடிச்சிடுச்சும்மா. நல்ல மெஷின்."

டீச்சர் விரல் நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது யாரு?"

எல்லோரும் பைக் குவியலைப் பார்த்தார்கள். செயலாளர் குவியலுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்தாள்.

"ஏங்க, செயலாளர்னா நிர்வாகம்தானே? உறுப்பினர் கணக்குல வராதே? கொஞ்சம் அந்தப் படிவத்தைப் பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு விசையைத் தட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பதில் உடனே வந்தது. "பதினொன்றாம் பக்கம். 'செயலாளருக்கு விதிவிலக்கு இல்லை.'"

"அப்படியேவா போட்டிருக்கு?"

"அப்படியேதான். கொட்டை எழுத்துல."

"எவன் எழுதினானோ. கல்யாணம் ஆனவனாத்தான் இருக்கணும்."

"இருக்கும்," என்றார் கணவர்.

நாத்தனார் வந்து மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "போங்க அண்ணி. நான் இங்கயேதான் நிப்பேன்." அதில் கிண்டல் இல்லாதது செயலாளருக்கு இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே ஒரு பெண் அவளை இயந்திரத்தோடு சேர்த்து நிறுத்தினாள். "தோளைத் தளர்த்துங்க. அசையாதீங்க. மூச்சை அடக்குங்க. பேசக் கூடாது."

செயலாளர் பேசவில்லை. திருமணமான நாளிலிருந்து இப்படி ஒரு காட்சி நடந்ததில்லை. பார்க்கக் கணவர் கொடுத்துவைக்கவில்லை.

அறிக்கைகள் வந்தன. ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. டிரைவிங் அக்காவை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள்.

அந்த வாரம் செயலாளர் சங்க வேலை எதையும் தொடவில்லை. கணவர் டீ போட்டுக் கொடுத்தால் குடித்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த மஞ்சள் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டாள். காந்தத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிளகு அளவுதானாம்," என்று டிரைவிங் அக்காவே கடைசியில் வந்து சொன்னாள். சின்ன அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. "இப்ப வந்ததால இதோட போச்சு, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னான்னு ஆரம்பிச்சார் டாக்டர். நடுவுலயே நிறுத்திட்டார். நானும் கேக்கலை. நேரத்துக்கு பிரேக் போட்டாச்சு, அவ்வளவுதான். அந்தக் காசாளருக்கும் இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன், அவருக்குத்தான் இன்னும் வரலை."

விண்ணப்பத்தை அனுப்பும் நாளில்தான் கணவர் முதன்முறையாக ஒரு கருத்துச் சொன்னார்.

"ரிப்போர்ட்டெல்லாம் வைக்க வேண்டாம்னு தோணுது."

"ஒன்பதாம் பக்கம் கேக்குதே?"

"கேக்குது. இருந்தாலும் அது சொந்த விஷயம் இல்லையா."

"விதின்னா விதி. நீங்க அடிக்கற வேலையைப் பாருங்க."

ஆறு அறிக்கைகளையும் தானே உறையில் போட்டு, தானே ஒட்டி, தானே கூரியரில் கொடுத்துவிட்டு வந்தாள். கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சில வாரங்கள் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தாள். பின்னறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைவி நாற்காலி ஒன்றுதான் இருந்ததால், டீச்சரும் நாத்தனாரும் அதில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க திட்டத்தை ஏத்துக்கிட்டோம்," என்றாள் அதிகாரி. "அடுத்த மாசத்துலேருந்து பரிசோதனை வண்டி உங்க தெருமுனைக்கு வரும்."

மாடிவீட்டம்மா கை தட்டினாள். பார்லர்க்காரி அதிகாரியின் தலைமுடியைப் பார்த்து, ஒருநாள் கடைக்கு வரச் சொன்னாள். செயலாளர் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் பெரிய மனதோடு, "நம்ம வண்டி," என்றாள்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்று அதிகாரி கைப்பையைத் திறந்தாள்.

கணவர் சட்டென்று எழுந்தார். "நான் போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வர்றேன்."

"இப்பதானே குடிச்சோம். உக்காருங்க," என்றாள் செயலாளர்.

அதிகாரி பழக்கமான உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இந்த ரிப்போர்ட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னுதான் நேர்ல வந்தேன். இதை எதுக்கு அனுப்பினீங்க?"

"எதுக்கா? ஒன்பதாம் பக்கத்துல நீங்கதானே கேட்டிருந்தீங்க?"

"ஒன்பதாம் பக்கமா?" என்றாள் அதிகாரி. "எங்க படிவம் மொத்தமே எட்டுப் பக்கம்தாங்க."