விளக்கெண்ணெய் எடுத்த மூன்று பாயிண்ட்

1983 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று அறவே இல்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கபடி மைதானத்தில், நெல் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் இடுப்பில் துண்டோடு நின்றிருந்தேன். வயது முப்பத்து நான்கு, பிள்ளைகள் இரண்டு. புத்தி எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க அங்கே வசதி இல்லை.

அந்த ஜூனில் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்ததும் மேலூரில் எங்கள் கபடி அணிக்குச் சனி பிடித்தது. பதினான்கு பையன்களுக்கு நான்தான் பயிற்சியாளர். (ஆடியவனில்லை, குமாஸ்தா. எவன் எத்தனை விநாடி மூச்சுப் பிடிக்கிறான் என்று நோட்டில் எழுதுவதையே பயிற்சி என்று நம்பியிருந்தேன்.) ஒவ்வொருவனாகத் தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போனான். மிஞ்சிய ஏழு பேரில் கெட்டிக்கார ரைடர், என் மனைவியின் தம்பி செல்வம். அவனும் வந்து நின்றான்.

"மச்சான், கபடிக்கு இனி எவனும் கைதட்ட மாட்டான். நானும் அங்கிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை போட்டியில நாங்க ஜெயிச்சா எல்லாரும் திரும்பி வரணும் மாப்ள. தோத்தா மட்டை, ஸ்டம்பு எல்லாம் நானே வாங்கித் தாரேன்."

"சரி, ஏழாவது ஆளு யாரு?"

"நான்தான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அது எடைப் போட்டி. வயது எம்புட்டு இருந்தாலும் சரி, ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. நான் ஒன்றரைக் கிலோ அதிகம். இரண்டு நாள் சோறு தொடவில்லை. மொட்டை அடித்தேன் (நூறு கிராம்கூடக் குறையவில்லை). அன்று விடியற்காலை இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் குடித்தேன். ஒரு மணி நேரமாகியும் அசைவில்லை. இன்னும் மூன்று கரண்டி.

தராசு முள் இழுபறியில் நின்றது. "மூச்சை வெளிய விடுங்கண்ணே" என்றார் தராசுக்காரர். விட்டேன். தேறினேன்.

இரண்டாம் பாதியில் இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தபோது ரைடு போனேன். "கபடி கபடி" என்று நாலாவது முறை சொல்லும்போதுதான் எண்ணெய் வேலையை ஆரம்பித்தது. சட்டென்று திரும்பினேன். மூன்று பேர் பாய்ந்து பிடித்தார்கள். மூவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினேன். நிற்கவில்லை. எங்கள் பகுதியைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்து, கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டை நோக்கி ஓடினேன்.

பின்னால் ஒலிபெருக்கி அலறியது: "மேலூர் அணிக்கு மூணு பாயிண்ட்டு. அண்ணே, கோட்டைத் தாண்டியாச்சு, நிக்கலாம். அண்ணே..."

பதினேழு நிமிடம் கழித்துத் திரும்பினேன். ஆறு பேரோடு ஆடி, ஒரு பாயிண்டில் தோற்றிருந்தோம்.

"மச்சான், நீங்க ஓட்டப்பந்தயத்துக்குப் போயிருக்கணும்" என்றான் செல்வம். மிச்ச ஆறு பேரும் மறுநாளே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது கபடியை டிவியில் காட்டுகிறார்கள். அதே செல்வம், எழுபதை நெருங்கும் கிழவன், முதல் ஆளாக உட்கார்ந்து கைதட்டுகிறான். ஒவ்வொரு ரைடர் கோட்டைத் தாண்டும்போதும் என் பக்கம் திரும்பி, "நிக்கலாம்ணே" என்கிறான். என் பேத்திகள்வரை சிரிக்கிறார்கள்.

மட்டை ஒன்று, பந்து இரண்டு, ஸ்டம்பு ஆறு, மொட்டைக்கூலி, விளக்கெண்ணெய்: ஆக மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.